பெற்றோர், பிள்ளைகளோடு இரண்டே நாள்: தர்மபுரிப் பக்கம் ஓடாமல் எப்படிச் சுற்றுவது?

கேள்வியின் சுருக்கம்: பெங்களூரில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை. கிடைப்பது சனி, ஞாயிறு. கூடவே எழுபது வயதுப் பெற்றோர், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். பாலக்கோடு பக்கம் பாட்டி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒகேனக்கல், கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, அணை, தீர்த்தமலை, வத்தல்மலை என்று பட்டியல் போட்டாயிற்று. அலைச்சல் இல்லாமல் முடியுமா?

முடியாது. பட்டியலில் ஒகேனக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். தீர்த்தமலை அரூர்ப் பக்கம், ஒகேனக்கல் பென்னாகரத்தைத் தாண்டி. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. இரண்டையும் இரண்டு நாளில் திணித்தால் பாட்டி பார்ப்பது கார் கண்ணாடியைத்தான். மலைக்கோட்டைப் படி முழங்கால் வலிக்கு ஆகாது. வத்தல்மலைக்கு விடியற்காலையில் ஏறினால்தான் பனிமூட்டமும் காப்பித் தோட்டமும் பார்க்கச் சுகம். அதற்கு இன்னொரு முறை தனியாக வாருங்கள்.

கிருஷ்ணகிரி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் வராதீர்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று ஒரே கோட்டில் போய்விடலாம், திரும்பிவந்து சுற்ற வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ராயக்கோட்டையில் தக்காளி மண்டி சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். பெட்டி பெட்டியாக இறக்குவதைப் பிள்ளைகள் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு (1878) நினைவில்லமாக இருக்கிறது. விருப்பமிருந்தால் எட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை.

சனிக்கிழமை பகல் முழுவதும் பாட்டி வீட்டுக்கு. இந்தப் பயணத்தில் நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். பூட்டிய வீட்டில் திட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: போய் இறங்கியதும் இரண்டு மணி நேரம் ஒட்டடை அடிப்பதிலும் மோட்டாரோடு மல்லுக்கட்டுவதிலும் போய்விடும், ஆளாளுக்கு எரிச்சல். இரண்டு நாள் முன்பே சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆயாவுக்குப் போன் போட்டு, பெருக்கி வைக்கவும் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைக்கவும் சொல்லிவிடுங்கள், கூலியும் கொடுத்துவிடுங்கள். காஸ் சிலிண்டரை நம்பாமல் ஒற்றை அடுப்பு ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். விறகுக் குவியலையும் பழைய சாக்கையும் பிள்ளைகள் தொடும் முன் பெரியவர் ஒருவர் குச்சியால் தட்டிப் பார்த்துவிட வேண்டும். தேள் அங்கேதான் இருக்கும்.

"எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லி உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போன் கைக்கு வந்துவிடும். கைக்கு வேலை கொடுங்கள், பேச்சு தானாக வரும். இதற்கு, ஊறிய மொச்சையின் தோலைப் பிதுக்கியெடுக்கும் பிதுக்கம்பருப்பை விட நல்ல வேலை இல்லை. வெள்ளிக்கிழமை இரவே அரைக் கிலோ காய்ந்த மொச்சையை நிறையத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் குறையாமல் ஊற வேண்டும், அவசரப்பட்டால் தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு நகக்கண் வலிக்கும். மார்கழி, தை மாதமென்றால் பச்சை அவரைக்கொட்டை கிடைக்கும், ஊறவைக்கிற நேரமும் மிச்சம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முனையில் அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும். முதல் கைப்பிடியில் பாதி, பிள்ளைகள் கையிலிருந்து திண்ணையைத் தாண்டிப் பறக்கும். பறக்கட்டும். நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. அந்த அரை மணியில் பாட்டியிடம், "இந்த வீட்டுக்கு வந்த வருசம் கிணத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு?" மாதிரி ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

பிதுக்கிய பருப்பில் குழம்பு. அதற்குத் துணை ராகிக் களி. ஆறு பேருக்கு மாவு மூன்று டம்ளர், நொய் முக்கால் டம்ளர், தண்ணீர் எட்டு டம்ளர். நொய்யை அரை மணி ஊறவைத்து, உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். வெந்ததும் ஒரு டம்ளர் கொதிகஞ்சியை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, தீயைக் குறைத்து, மாவைக் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டக் கூடாது! நடுவில் கோலால் ஒரு குழி போட்டால் கொதிநீர் அதன் வழியாக மேலே பொங்கி மாவை நனைக்கும். மூடி போட்டு ஏழெட்டு நிமிடம். பிறகு பாத்திரத்தை இறக்கி, ஒருவர் துணியால் இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கோலை ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியை விடலாம். மறுபடி சிறு தீயில் மூன்று நிமிடம். ஈர விரலால் தொட்டு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

உருண்டையைப் பிட்டால் உள்ளே வெள்ளை மாவு தெரிகிறதா? மாவு நனையும் முன்பே கிண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கைத்தால் மாவு பழசு. பிள்ளைகளுக்கு எலுமிச்சை அளவில் பிட்டு, குழம்பில் புரட்டி விழுங்கச் சொல்லுங்கள். மென்றால் பல்லில் ஒட்டி, அடுத்த முறை வேண்டாமென்பார்கள். சாப்பிட்டபின் கண் சொக்கும், எதிர்க்க வேண்டாம். மூன்றரை வரை பாய்.

அடுத்து பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தது இந்த ஊரில்தான். 1908இல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய் தொற்றி, அதனால் ரயிலில் ஏறவும் தடை வந்த பிறகும் ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் போய்ப் பேசியவர். இங்கே பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை வைத்து அடிக்கல் நாட்டினார். அவர் காலத்தில் அது எழும்பவில்லை. இப்போது மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் "தேசபக்தி" என்று பிரசங்கம் வேண்டாம். பாலக்கோட்டிலிருந்து காரில் வந்த இந்தத் தூரத்தை அந்த உடம்போடு நடந்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடச் சொன்னால் போதும்.

ஐந்து மணிக்குக் கட்டாயம் கிளம்புங்கள். பென்னாகரம் தாண்டினால் காடு, இருட்டில் யானை நடமாட்டம் உண்டு. சனி இரவு தங்குவது ஒகேனக்கல்லிலேயே. அறையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதற்கும், ஆறரை மணிக்கு ஆற்றங்கரையில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு. புகை போல நீர்த்துளி எழும்புவதால்தான் கன்னடத்தில் ஹொகே கல், புகையும் கல். வெயில் ஏறும் முன் அந்தப் புகையைப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் முந்தின நாள் செய்தியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று பாருங்கள். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் கன அடி ஆயிரக்கணக்கில் ஏறி, பரிசலும் குளியலும் தடைபடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த ஆபத்து அதிகம். ஆடிப்பெருக்கன்று வரவே வராதீர்கள். பரிசலில் உயிர்காப்புச் சட்டையைப் பெரியவர்களும் கழற்றக் கூடாது, எடை இருபுறமும் சமமாக எதிரெதிரே உட்கார வேண்டும், படம் எடுக்க எழக் கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட காலோடு பாறையில் நடந்துதான் பலர் விழுகிறார்கள். தாத்தா எண்ணெய் தேய்த்தால் உள்ளங்காலை விட்டுவிடச் சொல்லுங்கள். மீனை ஒன்பது மணிக்கே வாங்கிச் சமைக்கக் கொடுத்துவிட்டால் குளித்து வருவதற்குள் தயாராகிவிடும். பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான் போகும்.

சாப்பிட்டதும் தர்மபுரி வழியாகக் கிருஷ்ணகிரிச் சாலையைப் பிடியுங்கள். மே, ஜூன் என்றால் வழியில் மாம்பழம் வாங்கலாம். காம்போடு பார்த்து வாங்கி, வீட்டில் அரை மணி தண்ணீரில் போட்டபின் வெட்டுங்கள், பால் பட்டு உதடு புண்ணாகாது.