ஷெட்டில் உறங்கும் ஹெரால்டை எழுப்புவது எப்படி?

கேள்வி: அப்பாவின் 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பதினைந்து வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. என்ஜின் சுற்றவில்லை, போல்ட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. வீட்டிலேயே நான் என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கலாம். வீட்டில் வைத்துப் பழுது பார்க்க இவ்வளவு தோதான வண்டி குறைவு.

முதலில் ஒன்று: ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். ஒட்டிக்கிடக்கும் பிஸ்டனை வேகமாக அசைத்தால் ரிங் உடையும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். அப்புறம் நான்காவது கியரில் போட்டு, ஆள் பலத்தில் வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றி இன்னொரு வாரம். என்ஜின் இளகிச் சுற்றத் தொடங்கிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜின் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். ஊற்றியதெல்லாம் கீழேதான் இறங்கியிருக்கும்.

போல்ட்டுகளுக்கு ஏடிஎஃப்பும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் பிரிந்து நிற்கும், எனவே ஒவ்வொரு முறையும் குலுக்கி விடுங்கள். பெயின்ட்டிலோ ரப்பரிலோ படக்கூடாது. பக்கத்தில் நெருப்பும் கூடாது. இன்னொன்று ஸ்பேனர். இது அங்குலக் கணக்கில் செய்த வண்டி. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13-ஆம் நம்பர் ஸ்பேனர் உட்காருவது போலத் தெரியும், அழுத்தினால் போல்ட்டின் தலை முனைகளை மழுக்கிவிடும். பழைய இரும்புக் கடையில் தேடியாவது அங்குல செட் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

கழற்றிய இரும்புத் துண்டுகளின் துருவுக்கு எனக்குப் பிடித்த வழி மின்சாரம். பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைத் துருப்பிடித்த துண்டில் மாட்டுங்கள், பாசிட்டிவ்வை ஒரு சாதாரண இரும்புக் கம்பியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரே நல்லது. புதிய ஸ்மார்ட் சார்ஜர்கள் பெரும்பாலும் பேட்டரி இல்லையென்று நின்றுவிடும். ஒரு ராத்திரியில் துரு கறுத்துப் பொடியாகும், நல்ல இரும்பு கரையாது. உப்புத்தாள் தேய்ப்பில் இந்த நன்மை கிடைக்காது.

கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் குரோமிய நஞ்சு சேரும். அலுமினியப் பாகங்களை வாளியில் போட்டால் அரித்துவிடும். ஸ்பிரிங்குகளையும் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை எடுங்கள். எடுத்ததும் கழுவித் துடைத்து, உடனே வெயிலில் காயவைத்து பிரைமரோ எண்ணெயோ பூசுங்கள். பூசாமல் விட்டால், சென்னை போன்ற கடலோர ஊரில் மாலைக்குள் மறுபடி செந்துரு படர்ந்துவிடும்.

பம்பரின் குரோமிய முலாமில் படிந்த துருவுக்கு இவ்வளவு பாடு இல்லை: சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும்.

கழற்றும்போது அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பெட்ரோல் டேங்கில் மட்டும் நீங்களாக வெல்டிங் முயலாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளிருக்கும் ஆவி வெடிக்கும்.