செவியும் காலமும்: ஆய்வுத்துறையை விரும்பும் மகளின் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மூளை நேரத்தை எவ்வாறு உணர்கிறது, அதில் செவியின் பங்கு என்ன என்று ஆராயும் அறிதிறன் நரம்பியலைத் தங்கள் மகள் விரும்புவதாகவும், இத்தனை குறுகிய துறையில் வேலை கிடைக்குமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அச்சம் நியாயமானது. ஆனால் குறுகியது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கேள்விதான். அதற்காகக் கற்கும் திறன்கள் பல துறைகளுக்கும் செல்லுபடியாகும்.

ஒளிக்குக் கண் இருப்பதுபோல் காலத்துக்கென்று தனி உறுப்பு கிடையாது. சிறுமூளை உட்பட மூளையின் பல பகுதிகள் சேர்ந்தே அதை உணர்கின்றன. புலன்களுள் காலத்தை மிக நுட்பமாகக் கையாள்வது செவி. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடைவதில் ஏறத்தாழ 10 மைக்ரோவினாடி வேறுபாடு இருந்தாலே, பயிற்சி பெற்ற ஒருவரால் அது வரும் திசை மாறியதை உணர முடியும். ‘கல்’, ‘கால்’ இரண்டையும் நாம் பிரித்தறிவதும் முதன்மையாக உயிரொலி நீடிக்கும் அளவைக் கொண்டுதான். இமைப்பொழுதை மாத்திரையாக வகுத்த நம் இலக்கணம் இதை என்றோ கவனித்திருக்கிறது. செவிநரம்பில் இந்தக் காலத் துல்லியம் குலைந்தவர்களுக்கு ஒலி கேட்கும், ஆனால் சொல் விளங்காது. அவர்களுக்கு உதவ வேண்டுமானால் இந்த ஆய்வு இன்றியமையாதது.

இளநிலையிலேயே இத்துறையின் பெயர் தாங்கிய பட்டம் தேட வேண்டியதில்லை. உளவியல், உயிரியல், இயற்பியல், மின்னணுப் பொறியியல், செவித்திறனியல் என எதிலிருந்தும் இங்கு வரலாம். எதை எடுத்தாலும் புள்ளியியலும் நிரலாக்கமும் உடன் வர வேண்டும். முனைவர் பட்டம் முடிக்க இளநிலையிலிருந்து பத்து ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதையும், நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் செவிப்புலக் கருவிகள், பேச்சறிதல் தொழில்நுட்பம், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு அதே பயிற்சி வேண்டும் என்பதால், இடையில் பாதை மாறினாலும் கற்றது வீணாகாது.

முடிவெடுக்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இலவச ஒலித்திருத்த மென்பொருள் ஒன்றில் ஒரு வினாடி நீளத்துக்குச் சீரான இரைச்சலை உருவாக்கி, அதன் ஒரு பிரதியின் நடுவில் 20 மில்லிவினாடி மௌனத்தை மகள் புகுத்தட்டும். பிறகு அந்த மௌனத்தை 10, 5, 3 என்று குறைத்துக்கொண்டே வரட்டும். இடைவெளி உள்ளதையும் இல்லாததையும் தாங்கள் வரிசை கலைத்து ஒலிக்கச் செய்ய, அவர் ஹெட்ஃபோனில் கேட்டு ஒவ்வோர் அளவுக்கும் 20 முறை விடை எழுத வேண்டும். நலமான இளம் செவி 2, 3 மில்லிவினாடி இடைவெளியைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் நான் பார்க்க விரும்புவது மதிப்பெண்ணை அன்று. 20-இல் 10 விடைகள் வெறும் ஊகத்திலேயே சரியாக அமையலாம். அப்படியானால் 14 சரியென்றால் அதை நம்பலாமா என்ற கேள்வி அவருக்குத் தானாக எழுகிறதா, எழுந்தபின் சலிக்காமல் மறுபடி எண்ண உட்காருகிறாரா என்பதைக் கவனியுங்கள். ஆய்வுக்கூட வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த எண்ணல்தான்.

விடைத்தாள்களை அடித்தல் திருத்தலோடு அப்படியே அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தப் பட்டப்படிப்பு என்பதை அவற்றை வைத்துக்கொண்டு மூவரோடும் பேசுகிறேன்.