ஊட்டிப் பள்ளியில் ஊர்வன, இருவாழ்விகள் பற்றி எப்படிக் கற்பிப்பது?

தோலிலிருந்து தொடங்குங்கள். ஓணானின் செதில் தோல் உடலின் ஈரத்தைக் காக்கிறது; தவளையின் மெல்லிய தோலோ நீரையும் காற்றையும் உள்ளே விடுகிறது. ஆகவே, சானிடைசர் பூசிய கையால் தவளையைத் தொடவே கூடாது என்று முதலிலேயே அழுத்திச் சொல்லுங்கள்.

முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்ற பாடநூல் வரிசையோடு தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நீலகிரியின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது! ஈரமண்ணிலோ இலையிலோ சருகடியிலோ இட்ட முட்டையிலிருந்து குட்டித் தவளையே நேராக வெளிவரும். குளமில்லாத சரிவிலும் அவை பெருகுவது இதனால்தான். மழைக்கால மாலையில் வேலியோரம் நிறுத்தி அவற்றின் குரலைக் கேட்கச் செய்யுங்கள், பிடிக்க வேண்டாம்.

பாம்புகளுக்குப் படங்களே போதும். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பை அவசியம் சேருங்கள்: நஞ்சற்றது, முட்டையிடாமல் குட்டி ஈனுவது.