பாட்டி கேட்ட பென்னி

தம்பி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கி இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்தும் வார்டில் பேசுவது பாதிதான் புரிகிறது, வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த அப், ஆஃப், அவுட் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பட்டியல் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் வேண்டாம். நானும் ஒன்றை வாங்கி மூன்று மாதம் உருப்போட்டேன். வேளைக்கு ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

வந்த புதிதில், எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று ஏதோ சொன்னார். கடையில் என்னவோ வாங்க நினைக்கிறார் போலிருக்கிறது என்று அலமாரியைத் திறந்து அவருடைய கைப்பையை எடுத்து நீட்டினேன். பாட்டி பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைகளில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும். அந்தப் பழைய பென்னி 1971இல் செல்லாக்காசாகிவிட்டது. சொல் மட்டும் பாட்டிமார் வாயில் இன்னும் செல்லுபடியாகிறது. அன்று படுக்கை விரிப்பை மாற்றியவள் நான்தான்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. எழுதிவிட்டான், எழுதிவைத்தான், எழுதிப்பார்த்தான், எழுதித்தள்ளினான் என்று வினையோடு இன்னொரு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் வேலையை நாமும்தான் செய்கிறோம். தள்ளினான் என்றால் யாரைத் தள்ளினான் என்றா கேட்கிறோம்? 'டிரிங்க் அப்' என்பதில் மேலே எதுவும் இல்லை, குடித்துவிடு, அவ்வளவுதான். நம்முடைய 'விடு' செய்கிற வேலையைப் பல இடங்களில் அவர்களுடைய 'அப்' செய்கிறது. எல்லா இடத்திலும் அல்ல. 'த்ரோ அப்' என்றால் வாந்தி. அதையெல்லாம் யார், எப்போது சொன்னார்கள் என்பதோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஷிப்ட் மாறும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'பாஸ்ட் அவே' என்றால் இறந்துவிட்டார். 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். 'கேம் ரவுண்ட்' என்றால் நினைவு திரும்பிவிட்டது. ஊர்ப் பழக்கத்தில் '2019இல் பாஸ்ட் அவுட்' என்று படிப்பு முடித்ததைச் சொல்லிவிடாதீர்கள். அந்த வருடம் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அக்கறையோடு விசாரிப்பார்கள்.

சந்தேகங்களை இரவு ஷிப்டில் உதவியாளர்களிடம் கேளுங்கள்; டீயோடு சேர்த்து விளக்கமும் கிடைக்கும். ஆனால் மருந்து விஷயத்தில் ஒரு சொல் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடாதீர்கள். எளிய சொற்களில் மறுபடி சொல்லச் சொல்லி, நீங்களும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு ஊசியைத் தொடுங்கள்.