நாய் மணிக்கு 2,000, கடன் கடைக்கு 3,000

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்றவன், மாதம் 8,900 ரேண்ட் பென்ஷன். எங்கள் நாய் மணிக்கு 12 வயது. பிப்ரவரியில் உண்ணி கடித்து பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டது. 2,000 ரேண்ட் கேஷ் லோன் வாங்கிக் காப்பாற்றினோம். இப்போது மூட்டுவாதம், மாதாமாதம் மாத்திரை. கடனை மாதக் கடைசியில் அடைத்துவிடுகிறேன், ஆனால் கை காலியாகி மறுநாளே திரும்ப வாங்கவேண்டி வருகிறது. தங்கச்சி மகன் மாதம் 380 ரேண்டில் செல்லப்பிராணி இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறான். எடுக்கலாமா?

பதில்: ஐயா, இன்ஷூரன்ஸ் இருக்கட்டும். "அடைத்துவிடுகிறேன்" என்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. நீங்கள் அடைக்கவில்லை, அதே 2,000-ஐ மாதாமாதம் வாடகைக்கு எடுக்கிறீர்கள்.

குறுகிய காலக் கடனுக்குச் சட்டம் விட்டிருக்கும் உச்ச அளவைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கக் கட்டணம் 265, சேவைக் கட்டணம் 60, இரண்டுக்கும் வாட் வரி 49. வட்டி, வருடத்தின் முதல் கடனுக்கு மாதம் 5 சதவீதம், அடுத்தடுத்ததற்கு 3. ஆக முதல் தடவை 474, பிறகு ஒவ்வொரு தடவையும் 434. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஏழு தடவை என்றால் 3,000-ஐத் தாண்டுகிறது. மணிக்குப் போன 2,000 ஒரே ஒரு முறைதான் போனது. வட்டி குறைவு என்று ஏமாறாதீர்கள். ஒவ்வொரு புதுக் கடனுக்கும் புதிதாக விழும் அந்தத் தொடக்கக் கட்டணம்தான் உங்களைத் தின்கிறது.

இப்போது தங்கச்சி மகன் விஷயம். மூட்டுவாதம் ஏற்கனவே டாக்டர் ஏட்டில் ஏறிவிட்டது. முன்பே இருந்த நோய்க்கு இந்த பாலிசிகள் பணம் தருவதில்லை. வயதான நாயை நோய்க்கான திட்டத்தில் புதிதாகச் சேர்க்காத கம்பெனிகளும் உண்டு. பையனின் பாசத்தைப் பார்க்காமல், எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பையன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆனால் மாதம் 380 ரேண்டில் பாலிசி எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள் என்றால், அந்த 380-ஐ உங்களால் எடுத்துவைக்க முடியும். அதோடு இருபது சேர்த்து 400 ஆக்குங்கள். இந்த மாதம் 2,000 அல்ல, 1,600 மட்டும் வாங்குங்கள். அடுத்து 1,200, பிறகு 800, 400. கட்டணமும் வட்டியுமாக 434 என்பது ஏறக்குறைய 376, 312, 231, 150 என்று இறங்கும். ஐந்தாவது மாதம் அந்தக் கடைப் படி ஏறவேண்டாம். அதன்பின் எடுத்துவைக்கும் 400-உம் கடைக்குப் போகாத 434-உம் சேர்ந்து மாதம் 800-க்கு மேல் உங்கள் கையில்.

அதுவரை மணியின் செலவை எப்படிக் குறைப்பது? கிச்சன் டைல்ஸில் அவன் எழும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிப் போகும், கவனித்திருப்பீர்கள். பழைய கம்பளத் துண்டு ஒன்றை அவன் தட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கறி மிச்சமும் எலும்பும் இனி வேண்டாம். எடை குறைந்தால் மூட்டுக்கு அதுவே பாதி மருந்து. உங்கள் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மனிதருக்கானது நாயைக் கொல்லக்கூடும். உண்ணி மருந்தில் மிச்சம் பிடிக்கவும் கூடாது. டர்பன் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் உண்ணி பெருகி பிலியரி மறுபடி வரலாம், அப்போது மறுபடி 2,000.

டாக்டரிடம் கூச்சப்படாமல் தவணை கேளுங்கள். எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பிலும் பென்ஷன் சீட்டைக் காட்டி, குறைந்த வருமானக்காரர்களுக்குச் சிகிச்சை உண்டா என்று விசாரியுங்கள்.

கடன் தீர்ந்த பிறகு வரும் 800-இல் பாதியை மணி பேரில் தனிக் கணக்கில் போடுங்கள். மாத்திரை அதிலிருந்து. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது: வலியில்லாமல் அனுப்பிவைக்கும் கடைசி ஊசிக்கும் அடக்கத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு, அந்தத் தொகையை முதலில் சேர்த்துவிடுங்கள். அழுத கண்ணோடு கேஷ் லோன் கடையில் கையெழுத்துப் போட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.