காட்டுச்சேனை கேள்வி-பதில்: ஒற்றை இலை, இரண்டு நாள் பூ

மழை தொடங்கிவிட்டால் போதும், இந்தச் செடியைப் பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆச்சரியம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

காட்டுச்சேனை என்று பொதுவாகச் சொன்னாலும் இது ஒரே செடி இல்லை. அமார்ஃபோஃபாலஸ் என்ற பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் தொடங்கி, ஆசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. பதில் ஓர் இனத்துக்கு மட்டும் பொருந்தும் என்றால் அங்கே பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆளுயரத்துக்கு மரக்கன்று போல நிற்கிறது. இது மொத்தமும் ஒரே இலை என்கிறார் நண்பர். கிண்டல் செய்கிறாரா?

இல்லை, அவர் சொல்வது சரிதான். நீங்கள் அடிமரம் என்று நினைப்பது இலையின் காம்பு. மேலே அது மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, கடைசியில் சிற்றிலைகளாக விரிகிறது. அதைத்தான் கிளைகளும் இலைகளும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் குனிந்து காம்பு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கணு இருக்காது, பட்டை இருக்காது. காய்ந்துபோன செதில் உறைகள் இரண்டு மூன்று அடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். முளை மண்ணைக் கிழித்து வரும்போது போர்த்தியிருந்த சட்டை அது.

ஒடிந்த காம்பு கிடைத்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கட்டை கிடையாது, ஈரப் பஞ்சுதான். சுமத்ரா காடுகளில் வளரும் டைட்டன் ஆரம் இதே பேரினத்தின் ஓர் இனம், அதன் இலை 6 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் போகும். அவ்வளவு பெரிய குடையையும் தூக்கி நிறுத்துவது செல்களுக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தம்தான்.

ஏன் ஒரே இலை? காட்டின் தரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சம். மரமாகி மேலே போக வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் கட்டை சேர்க்க வேண்டும். இந்தச் செடி அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டது. சில வாரங்களில் சரசரவென்று உயர்ந்து, குடையை விரித்து, கிடைத்த வெளிச்சத்தை மாவுச்சத்தாக்கிக் கீழே இறக்குகிறது. பருவம் முடிந்ததும் குடையை மடக்கிவிடுகிறது. இதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. அந்த ஒற்றை இலையை ஏதாவது கடித்துவிட்டால் அநேகமாக அந்த வருஷ வரவு போனதுதான்.

அமெரிக்கக் கண்டத்தில் இந்தப் பேரினம் இயற்கையாக இல்லை. ஆனால் இதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த டிராகோன்டியம் அங்கே இருக்கிறது. அதுவும் ஒற்றை இலை, அதற்கும் புள்ளிபோட்ட காம்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே ஒரு நிமிஷம் தடுமாறும்.

கேள்வி: காம்பில் ஏன் பாம்புத்தோல் மாதிரித் திட்டுகள்?

பாம்பு என்று பயமுறுத்தவா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு இன்னொரு கருத்துதான் பொருத்தமாகப் படுகிறது. மரப்பட்டையில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக லைக்கன் படிந்திருக்கும் இல்லையா, பெரிய இனங்களின் காம்பு அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. ஈரப் பஞ்சு போன்ற ஒரு காம்பு, தன்னை உறுதியான மரமாகக் காட்டிக்கொண்டால் விலங்குகள் மோதாமலும் கடிக்காமலும் விலகிப் போகலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். கருத்துதான், முடிவு இல்லை.

கேள்வி: நன்றாக இருந்த இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. செத்துவிட்டதா?

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். செடி தூங்கப் போகிறது, நீங்கள் அதைப் படுக்கையிலேயே அழுக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வறண்ட பருவம் உள்ள காடுகளைச் சேர்ந்த இனங்கள் எல்லாமே இப்படித்தான். மழையோடு எழும்பும், மழை ஓய்ந்தால் சாயும், அடுத்த மழைவரை மண்ணுக்குள் கிடக்கும். டைட்டன் ஆரத்துக்கு வறட்சி அவ்வளவாகத் தெரியாது, அதன் இலை ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ஆனாலும் அதுவும் ஒருநாள் சாய்ந்து ஓய்வெடுத்தே தீரும்.

இலை தானாகக் காய்ந்து விழும்வரை வெட்டாதீர்கள். மஞ்சளாகும் நாட்களில்தான் கடைசிச் சத்து கீழே இறங்குகிறது. கீழே இருப்பதைக் கிழங்கு என்று சொல்கிறோம், தாவரவியல் கணக்கில் அது கந்தம், அதாவது பருத்து உருண்ட தண்டு. பெரும்பாலான இனங்களில் போன வருஷக் கிழங்கு இந்த வருஷம் இருக்காது. புது இலை எழும்பும்போது பழையதைத் தின்றுதான் எழும்புகிறது. பழையது சுருங்கிச் சக்கையாகப் போக, அதன் தலைமேல் புதிது ஒன்று திரள்கிறது. வரவு நன்றாக இருந்தால் புதிது பெரிதாகும், மோசமாக இருந்தால் பழையதைவிடச் சிறுத்துப்போகும். எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் 2010இல் ஒரு டைட்டன் ஆரத்தின் கிழங்கை எடை போட்டபோது 153.9 கிலோ இருந்தது. ஓர் இலை சம்பாதித்துச் சேர்த்த சொத்து அது.

அப்புறம், வேர் அடியில் இருக்காது. முளையைச் சுற்றிக் கிழங்கின் மேல்பக்கத்திலிருந்துதான் வேர் விடும். அதனால் கிழங்கின் தலைக்குமேல் நாலு விரல் மண்ணாவது வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது வெட்கக்கேடான வழியில். முதல்முறை நடும்போது நடுவில் குழி விழுந்திருந்த பக்கத்தை அடிப்பக்கம் என்று நினைத்துத் தலைகீழாக நட்டுவிட்டேன். முளை அந்தக் குழிக்குள் இருந்தது. சுற்றி வளைத்துக்கொண்டு தொட்டியின் ஓரமாக மேலே வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று. வந்தது என்பதுதான் அதிசயம்.

கேள்வி: எலி செத்துக்கிடக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் தொட்டியில் பூத்திருந்த பூ! ஒரு செடிக்கு ஏன் இந்த வேலை?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நீங்கள் பார்த்தது ஒரு பூ இல்லை, பூக்களின் கூட்டம். ஊதா கலந்த பழுப்பில் விரிந்திருப்பது மடல். நடுவில் கழி போல நிற்பதன் அடிப்பகுதியில், மடலுக்குள் மறைந்தபடி, இதழே இல்லாத குட்டிப் பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே பெண் பூக்கள், அதற்குமேல் ஆண் பூக்கள். அதற்கும் மேலே பூ எதுவும் இல்லாமல் தடியாக நிற்பதுதான் நாற்றத்தை அனுப்பும் புகைபோக்கி.

கூப்பிடுவது தேனீயை இல்லை. அழுகிய மாமிசம் தேடும் வண்டுகளையும் ஈக்களையும். அவற்றின் பாஷையில் பேசினால்தானே வரும்? டைட்டன் ஆரம் விடும் வாடையில் முக்கியமானது டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு. நிஜப் பிணம் அழுகும்போது வெளிவருவதும் இதே பொருள்தான். மடலின் நிறமும் பச்சை மாமிசத்தின் நிறம். வரும் பூச்சிக்குச் சாப்பிட எதுவும் கிடைக்காது. பல நேரம் முட்டையும் இட்டுவிட்டுப் போகும், பொரிக்கும் புழுவுக்கும் பட்டினிதான். மோசடி என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் கணக்காக இருப்பது நேரம். முதல் நாள் சாயங்காலம் மடல் விரியும்போது பெண் பூக்கள் மட்டும் தயாராக இருக்கும். நாற்றமும் அப்போதுதான் உச்சம். ஆண் பூக்கள் மகரந்தத்தை வெளியே தள்ளுவது கிட்டத்தட்ட ஒருநாள் கழித்து. அதற்குள் கீழே பெண் பூக்களின் நேரம் முடிந்திருக்கும். கானா நாட்டு மழைக்காடுகளில் அமார்ஃபோஃபாலஸ் ஜான்சோனி என்ற இனத்தைக் கவனித்திருக்கிறார்கள். வண்டுகள் இருட்டும் நேரத்தில் வந்து உள்ளே இறங்குகின்றன, மறுநாள் சாயங்காலம்வரை அங்கேயே தங்குகின்றன, வெளியேறும்போது மேலெல்லாம் மகரந்தத்தோடு போகின்றன. அன்றைக்கே பக்கத்தில் இன்னொரு பூ விரிந்திருந்தால் அந்தச் சரக்கு சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

எல்லா இனமும் இப்படி நாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழ வாசம் அடிப்பவையும் உண்டு. உங்களுக்கு வாய்த்தது அது இல்லை. இரண்டு ராத்திரி வெளியே தூக்கி வையுங்கள், அதற்குமேல் நாற்றம் இருக்காது.

கேள்வி: பூ கையில் சுடுகிறது என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

சுடாது. ஆனால் வெதுவெதுப்பு நிஜம். டைட்டன் ஆரத்தின் அந்தக் கழியின் நுனி சுமார் 36 டிகிரி செல்சியஸ் வரை போகிறது, அதாவது கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. குளிர்ந்த ராத்திரியில் தொட்டால் உயிருள்ள ஒரு பிராணியைத் தொட்ட மாதிரி இருக்கும், முதல்முறை கையை இழுத்துக்கொண்டேன்.

சேமித்த மாவுச்சத்தை எரிக்கிறது, அவ்வளவுதான். சாதாரணமாகச் செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா அந்தச் சக்தியை வேலைக்காகப் பிடித்து வைக்கும். இங்கே ஒரு மாற்றுப்பாதையைத் திறந்துவிட்டு அதை வெறும் சூடாகவே விட்டுவிடுகிறது. சூடு ஏறினால் நாற்றப் பொருள்கள் சட்டென்று ஆவியாகி உயரே போகும். இந்த அடுப்பைப் பற்ற வைப்பது எது என்பது நெருங்கிய உறவான சாரோமாட்டம் என்ற செடியில் 1987இல் தெரியவந்தது: சாலிசிலிக் அமிலம். ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சொந்தக்காரன்.

கேள்வி: பூத்தது, வாடியது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

பெரும்பாலான இனங்களில் ஒற்றைச் செடி என்றால் பிடிக்காது. காரணம் மேலே சொன்ன நேரக்கணக்குதான். இன்னொரு செடியின் மகரந்தம் கிடைத்தால், முதல் ராத்திரியே மடலின் அடியில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, தூரிகையால் பெண் பூக்கள்மேல் தடவுங்கள். தாவரவியல் பூங்காக்களில் செய்வதும் இதுதான்.

கேள்வி: இலை பிரியும் இடத்தில் பழுப்பு உருண்டைகள் முளைத்திருக்கின்றன. நோயா?

நோய் இல்லை, குட்டிகள். குமிழ்மொட்டு என்பார்கள். அமார்ஃபோஃபாலஸ் பல்பிஃபெர், முவெல்லெரி என்ற இரண்டு இனங்கள் இதற்குப் பேர் போனவை. இலை சாய்ந்து விழும்போது உருண்டையும் தாயிடமிருந்து ஒரு காம்பு தூரம் தள்ளிப் போய் விழுகிறது. முவெல்லெரி இன்னும் ஒருபடி மேலே. அதன் செல்களில் குரோமோசோம் தொகுதி மூன்று, அதனால் முறையான இனப்பெருக்கம் ஒத்துவராது. மகரந்தமே சேராமல் விதை உண்டாக்கிக்கொள்கிறது. ஆக, அதன் விதையும் உருண்டையும் தாயின் நகல்கள்தான்.

கேள்வி: கிழங்கை நறுக்கியதில் கை முழுக்க அரிப்பு. விஷமா?

அரிப்புக்குக் காரணம் குத்து. செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில். செல் உடைந்தால் அவை தோலில் ஏறிவிடும். வாயில் பட்டால் தொண்டையும் நாக்கும் வீங்கும், அதனால் ருசி பார்க்கும் எண்ணமே வேண்டாம். குழந்தை கடித்துவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். பயிரிடும் சேனைக்கும் காட்டில் தானாக வளர்வதற்கும் பல இடங்களில் இனம் ஒன்றுதான், அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். தலைமுறை தலைமுறையாகக் காறல் குறைந்ததைப் பொறுக்கி எடுத்து வளர்த்தது பயிர். காட்டில் இருப்பதன் காம்பு சொரசொரவென்று முள்முள்ளாக இருக்கும், காறலும் கடுமை.

கேள்வி: காட்டில் பார்த்தேன். ஒன்று தோண்டிக்கொண்டு வந்தால் என்ன?

வேண்டாம். ஒரு கிழங்கை எடுத்தால் அந்த இடத்தில் மிச்சம் வேர்கூட இருக்காது, செடி மொத்தமும் அதுதான். பூக்கும் வயதுக்கு வர டைட்டன் ஆரத்துக்கு 7 முதல் 10 ஆண்டு ஆகும். இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி அதை 1878இல் சுமத்ராவில் பார்த்து உலகத்துக்குச் சொன்னார், அனுப்பிய விதையிலிருந்து வளர்ந்த செடி லண்டன் கியூ தோட்டத்தில் பூக்க 1889 ஆகிவிட்டது. இன்று அது அழிவின் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் சிவந்த பழங்களைத் தின்று விதை பரப்புவது இருவாட்சிகள், அவற்றுக்குக் கூடுகட்டப் பெரிய மரப் பொந்து வேண்டும். மரம் போனால் பறவை போகும், பறவை போனால் விதை தாயின் காலடியிலேயே கிடக்கும். வேண்டுமென்றால் நாற்றுப்பண்ணையில் குமிழ்மொட்டு கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முளை வந்திருக்கிறது. இலையா பூவா என்று இப்போதே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் ஒரு முளைக்கு ஒன்றுதான், பூ வந்து வாடிய பிறகு இலை வரும். பூ முளை கொஞ்சம் குண்டாக, ஒரு பக்கம் உப்பலாக இருக்கும் என்பார்கள். செதில் உறை விலகி, உள்ளே மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் மடல், விரல் விரலாகத் தெரிந்தால் இலை. அதற்குமுன் பந்தயம் கட்டாதீர்கள். போன முறை நான் பூ என்று அடித்துச் சொல்லி நாலு பேரை ராத்திரி விளக்கோடு உட்கார வைத்தேன். இலைதான் வந்தது.