கச்சேரிப் பதிவில் 'டக் டக்'

கேள்வி: சபா கச்சேரியை யுஎஸ்பி மிக்சரிலிருந்து லேப்டாப்பில் 8 டிராக்காகப் பதிகிறேன். நடுநடுவே 'டக் டக்' என்று விழுகிறது. தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) மிருதங்க ஒலி கரகரத்துக் கிழிகிறது. என்ன செய்வது?

பதில்: 'டக்' விழுவது பெரும்பாலும் பஃபர் (வரும் ஒலியை லேப்டாப் சற்று நேரம் சேர்த்து வைக்கும் இடம்) போதாததால்தான். பதிவு மென்பொருளில் அது 128 சாம்பிள் என்றிருந்தால் 1024 ஆக்குங்கள். லேப்டாப் வழியே வரும் ஒலி கொஞ்சம் தாமதமாகும். ஆனால் பாடகருக்கு மானிட்டர் ஒலி (மேடையில் அவர் கேட்கும் ஒலி) மிக்சரிலிருந்தே போவதால் இந்தத் தாமதம் யாரையும் உறுத்தாது. வைஃபையை அணையுங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டவே வேண்டாம். கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் 8 டிராக்குக்கு மணிக்குச் சுமார் 4.1 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

மிருதங்கம் வேறு கதை. வர்ணத்தில் அடக்கமாக இருக்கும் வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்), தனி ஆவர்த்தனத்தில் எகிறும். சவுண்ட் செக்கிலேயே ஒரு கோர்வையை முழு பலத்தில் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி மிக்சரில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) குறையுங்கள். மிக்சரில் கிழிந்ததை எந்த மென்பொருளும் முழுசாகத் தைக்காது.